உறவும் கடனும்

முற்காலத்தில் ஊவாத் தோட்டத் தொழிலாளி பட்ட கடனைத் துரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார். அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவர் பெயர முடியும். கடனும் அவரோடு பெயரும். ‘துண்டு’ எனப்பட்ட அம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது.

ஆயினும், கடன் கடிதம் கண்டதும் குடும்பத்தார் கலங்குவது இன்றும் இயல்பே. பதுளைப் பகுதியில் லயங்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயம் வழியே வருகின்றன. ஆதலால் அண்ணனுக்கு வந்த அறிவித்தல் தம்பியின் கைக்குச் சேரலாம்.

அஞ்சிப் பணம் கட்டலாகாது. உடன்பிறந்தவர் என்பதனால் மட்டும் எவரும் கடன்காரர் ஆகார். கடன் பெற்றவரும் பிணை நின்றவருமே பொறுப்பாளிகள். கடிதத்தை உரியவரிடம் சேர்த்தல் வேண்டும். அவர் அங்கில்லையெனில், அதனை எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்ளல் நன்று. வாசித்தறியாத எத்தாளிலும் கையொப்பமிடலாகாது. நீதிமன்ற அழைப்பாணை வரின், தாமதியாது சட்டத்தரணியை நாடுதல் வேண்டும்.