பெயர் மட்டும் மிஞ்சிய பக்கம்: நினைவேட்டு இணையத்தளங்களுக்கு நிரல் எழுதுவோர் கவனத்துக்கு

“மனே, என்ட பிள்ளைட பேர் மட்டும்தான் கிடக்கு. மத்ததெல்லாம் எங்க?”

படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார். அவருடைய மகன் 1990 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். எங்கள் பகுதி இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து நான் நடத்திவந்த சிறிய நினைவேட்டுத் தளத்தில் அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது. பெயர், ஊர், கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் சொன்னது என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அன்று காலை தளத்தின் தீமுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. பொத்தானை அழுத்தினேன். எல்லாப் பக்கங்களிலும் பெயரும் படமும் மட்டுமே மிஞ்சின.

தவறு என்னுடையது. போர் பற்றிய ஆவணத் தளங்களை நம்மில் பலர் இன்று வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருள்களில் நடத்துகிறோம். அந்தத் தவறை அவர்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தரவு வேறு, தோற்றம் வேறு

2003 இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், நாம் எழுதுவதைத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. அதை எப்படிக் காட்டுவது என்பதைத் தீமில் உள்ள வார்ப்புருக் கோப்புகள் தீர்மானிக்கின்றன. ஆயத்தத் தீம்கள் செய்திக்கும் கடைக்கும் செய்யப்பட்டவை. ‘கடைசியாகக் கண்ட இடம்’ என்றொரு வரி அவற்றில் இருக்காது. நான் அந்த வரிகளைக் காட்டும் நிரலைத் தீமின் கோப்புக்குள்ளேயே எழுதியிருந்தேன். தீமைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்புறை முழுவதும் அகற்றப்பட்டு, புதியது வைக்கப்படும். என் வரிகளும் அதோடு போய்விட்டன.

அம்மா சொன்ன தகவல் தரவுத்தளத்தில் பத்திரமாகவே இருந்தது. ஆனால் இதை அவருக்கு எப்படி விளக்குவது? ஒருமுறை பிள்ளையைத் தொலைத்தவருக்கு, திரையில் காணாமல் போவதும் காணாமல் போவதுதான்.

சேய்த் தீமும் செருகுநிரலும்

இதற்கு வழி ‘சேய்த் தீம்’. தனியாக ஒரு கோப்புறை அமைத்து, அதன் சிஎஸ்எஸ் கோப்பின் தலைப்பில் தாய்த் தீமின் கோப்புறைப் பெயரைக் குறிப்பிட வேண்டும். மாற்ற விரும்பும் வார்ப்புருவை மட்டும் அதே பெயரில் இங்கே பிரதி செய்து திருத்தினால், வேர்ட்பிரஸ் முதலில் சேயிடம் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் தாயிடம் போகும். தாயைப் புதுப்பித்தாலும் சேய்க்கு ஒன்றும் ஆகாது. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல், தொகுதிவகைத் தீம்களில் தள எடிட்டர் வழியாகச் செய்யும் மாற்றங்கள் தரவுத்தளத்திலேயே சேமிக்கப்படுகின்றன. அவையும் புதுப்பித்தலில் அழிவதில்லை. ஆனால் கோப்பில் கைவைத்து எழுதும் நிரலுக்குச் சேய்த் தீம் இன்றும் அவசியம்.

இன்னொரு பிரிவினையும் உண்டு. ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்ற பதிவு வகையை உருவாக்கும் நிரல், தோற்றம் சார்ந்ததல்ல. அதைத் தீமில் வைத்தால், நாளை வேறு தீமுக்கு மாறும்போது அந்தப் பதிவுகள் நிர்வாகப் பலகையிலிருந்தே மறைந்துவிடும். எனவே அதைச் சிறு செருகுநிரலாக எழுதிவைக்க வேண்டும். எது எந்தத் தீமிலும் இருந்தாக வேண்டுமோ, அது செருகுநிரலுக்கு. எப்படிக் காட்டுவது என்பது சேய்த் தீமுக்கு.

‘ஜனவரி 1’ என்ற பொய்

தகவல் பெட்டிகளை அமைக்கும்போது இன்னொரு சிக்கலும் வந்தது. அந்த அம்மா மகனின் வயதை, “சூறாவளி அடிச்ச நேரம் கைக்குழந்தை” என்று சொன்னார். மட்டக்களப்பில் சூறாவளி என்றால் 1978 நவம்பர்தான். ஆனால் திகதிப் பெட்டி நாள், மாதம், ஆண்டு மூன்றையும் கேட்கும். நிரப்புபவர் வேறு வழியின்றி ‘ஜனவரி 1’ என்று போட்டுவிடுவார். இந்தப் பொய்த் திகதி, பிறகு காணாமற் போனோர் அலுவலகத்திலோ ஒரு நீதிமன்றத்திலோ கொடுத்த வாக்குமூலத்தோடு முரண்பட்டால், சந்தேகம் தாயின் மேல்தான் விழும்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு பெட்டி, மாதத்துக்கும் நாளுக்கும் வெறுமையாக விடக்கூடிய பெட்டிகள், “அவர் சொன்னபடி” என்று ஒரு வரி என மாற்றினேன். தெரியாததை வெறுமையாக விட வார்ப்புரு அனுமதிக்க வேண்டும்.

பக்க முகவரியும் தொல்லை தந்தது. முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 குறிகள். முகவரியாக மாறும்போது ஒரு தமிழ்க் குறி 9 இடங்களைப் பிடிக்கிறது. ‘பு’ போன்ற எழுத்து இரண்டு குறிகளாக எண்ணப்பட்டு 18 இடங்களைப் பிடிக்கும். இப்படியே 22 குறிகளில் தலைப்பு வெட்டுப்படும். ‘மட்டக்களப்பு’ என்ற சொல் மட்டுமே 12 குறிகள். ஊர்ப் பெயரில் தொடங்கும் தலைப்புகளில் ஆளின் பெயர் வெட்டுப்பட்டு, ஒரே முகவரிக்குப் பின்னால் 2, 3 என்று எண்கள் ஒட்டிக்கொண்டன.

இதற்கு வழிகாட்டியாக இருந்தது நூலகம். 2005 இல் தொடங்கப்பட்ட அந்த எண்ணிம நூலகம் மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண். ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்கங்கள் என்று தமிழிலேயே அமைந்த வார்ப்புரு. அதைப் பார்த்து, நானும் ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத எண் கொடுத்து, அதையே முகவரியாக்கும் சிறு நிரலைச் செருகுநிரலில் சேர்த்தேன்.

மறைப்பதும் வைக்காதிருப்பதும்

கடைசி விடயம் உயிரோடு இருப்பவர்கள் பற்றியது. சாட்சி சொன்னவரின் தொலைபேசி இலக்கத்தைச் சிஎஸ்எஸ் கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டு, மறைத்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. பக்கத்தின் மூல நிரலைத் திறக்கத் தெரிந்த எவருக்கும் அது அங்கேயே கிடக்கும். ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 இல் மட்டக்களப்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். இங்கு பிறந்த தராக்கி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். எழுதியவர்களுக்கே அந்தக் கதி என்றால், அவர்களிடம் பேசியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்புரு அந்தத் தகவலை வெளியிடவே கூடாது. அதைவிடப் பாதுகாப்பு, அதைத் தளத்தில் சேமிக்காமலே இருப்பது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கும். ஏற்றுவதற்கு முன் அதையும் நீக்கிவிடுங்கள்.

எந்த நிரலையும் முதலில் உங்கள் கணினியில் உள்ள பிரதியில் சோதியுங்கள். புதுப்பிக்கும் முன் தரவுத்தளத்தையும் கோப்புகளையும் பிரதி எடுத்து, ஒன்றை வேறொருவர் வீட்டில் வையுங்கள். தாள்களும் படங்களும் இடப்பெயர்வில் போனதை நாம் அறிவோம். பிறகு 2004 இல் கடலும் கொண்டுபோனது.

தளத்தைச் சரிசெய்ய எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. மூன்றாம் நாள் மண்முனைப் பாலத்தைக் கடந்து அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். 2014 இல் பாலம் திறக்கும்வரை ‘பாதை’யில் ஏறித்தான் வாவியைக் கடப்போம். அவருடைய மகனும் அதே பாதையில்தான் கடைசியாகப் போனாராம். கைத்தொலைபேசியில் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேத்தி வரிவரியாக வாசித்தாள். கடைசியாகக் கண்ட இடம் வந்ததும், “ஓம், அங்கதான்” என்றார்.