இங்கே வாங்கியது அங்கே பழுதானால்

ஊருக்குப் போகிறவர்களின் பயணப்பெட்டியில் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே இப்போது ஒரு மடிக்கணினியோ கைத்தொலைபேசியோ இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட மருமகளுக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க அம்மாவுக்கு ஒன்று. இரண்டு வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது. எட்டாம் மாதம் அது நின்றுபோகும்போதுதான், பெட்டிக்குள் இருந்த உத்தரவாதம் எந்த நாட்டில் செல்லும் என்ற கேள்வி எழுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உத்தரவாதம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வேறு விடயங்கள். ஒன்று, நாம் வாழும் நாட்டின் சட்டம் தரும் உரிமை. அது பொருளை விற்ற கடைக்காரரைக் கட்டுப்படுத்தும். மற்றது, தயாரித்த நிறுவனம் தானாக விரும்பிக் கொடுக்கும் வாக்குறுதி. அதன் கால அளவையும் எந்த நாட்டில் செல்லும் என்பதையும் அந்த நிறுவனமே எழுதுகிறது. பெட்டிக்குள் வரும் தாள் இந்த இரண்டாவதைப் பற்றியது. முதலாவது எந்தத் தாளிலும் வருவதில்லை. அதனால்தான் பலர் அதைக் கேட்பதே இல்லை.

இத்தனைக்கும் பல வேளைகளில் சட்டம் தருவதுதான் பெரியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதிய பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் விற்பனையாளர் பொறுப்பு. ஜேர்மனியில் 2022 தொடக்கம், வாங்கி ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் வேலை. பிரான்சில் புதிய பொருட்களுக்கு அந்தக் காலம் 2 ஆண்டுகள். நோர்வேயில் நீண்டகாலம் உழைக்க வேண்டிய பொருட்களுக்கு 5 ஆண்டுகள் வரை முறையிடலாம். கைத்தொலைபேசியும் அதில் அடங்கும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாட்களுக்குள் குறைபாடுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். சுவிஸில் மட்டும் கவனம் தேவை. அங்கும் 2 ஆண்டுகள்தான், ஆனால் விற்பனை நிபந்தனைகளில் அந்தப் பொறுப்பை மாற்றவோ விலக்கவோ கடைக்கு இடமுண்டு. சிறிய எழுத்தில் இருப்பதை வாசிக்கத்தான் வேண்டும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறுபடும்.

பொருள் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் ஒஸ்லோ கடைக்காரரின் பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. அதை ஒஸ்லோவுக்குக் கொண்டுவரும் வழியைத்தான் நாம் பார்க்க வேண்டியிருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அங்குள்ள முகவரிடமே காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே அளவு. ஆனால் உள்ளே அது ஒரே தொலைபேசி அல்ல. விற்கப்படும் நாட்டின் அலைவரிசைகளுக்கும் விதிகளுக்கும் ஏற்ப மாதிரி இலக்கம் மாறும். 2022இல் வந்த ஐபோன் 14ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்கப்பட்டதில் சிம் அட்டை போடும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். கனடாவில் விற்கப்பட்டதில் அட்டை போடலாம். சீனாவில் விற்கப்பட்டதில் இரண்டு அட்டைகள் போடலாம். அந்த மாதிரி விற்கப்படாத நாட்டில் அதற்கு மாற்றுத் தொலைபேசி கொடுக்க முகவரிடம் கையிருப்பு இருக்காது. ஐபோனுக்கான உத்தரவாதச் சேவையை அது முதலில் விற்கப்பட்ட நாட்டோடு மட்டுப்படுத்தும் உரிமையையும் அப்பிள் தன் நிபந்தனைகளில் வைத்திருக்கிறது. முகவர்களுக்கும் தங்கள் கணக்கு உண்டு. தாங்கள் விற்காத பொருளை இலவசமாகத் திருத்த அவர்களுக்கு மனம் வராது. கமராக்களில் இது இன்னும் கடுமை. அமெரிக்காவில் நிக்கோன், தன் வழியாக இறக்குமதியாகாத கமராவைக் காசு கொடுத்தாலும் திருத்தித் தருவதில்லை என்பதையே கொள்கையாக வைத்திருந்தது.

மடிக்கணினி கொஞ்சம் பரவாயில்லை. சில நிறுவனங்கள், குறிப்பாக வணிகப் பாவனைக்கான வகைகளுக்கு, பல நாடுகளில் செல்லும் உத்தரவாதம் தருகின்றன. உரிமையாளரையும் நாட்டையும் இணையத்தில் மாற்றிப் பதிய விடும் நிறுவனங்களும் உண்டு. வாங்கும் முன் அந்த வகைக்கு இலங்கையில் சேவை உண்டா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. கடையில் நிற்கும் பையன் 'ஓம், உலகம் முழுக்கச் செல்லும்' என்று சொல்வது பதில் ஆகாது. இன்னொன்று, விசைப்பலகை. ஜேர்மன், பிரெஞ்சு மடிக்கணினிகளில் எழுத்துகளின் இடமே வேறு. ஒரு விசை உடைந்தால் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசா முழுக்க ஏறி இறங்கினாலும் அதே பலகை கிடைப்பது அரிது. ஆங்கில விசைப்பலகை கேட்டு வாங்குங்கள்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. கனடாவில் 120 வோல்ற், இலங்கையில் 230. மடிக்கணினி, தொலைபேசி மின்னேற்றிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும், அதிலேயே எழுதியிருக்கும். ரொரன்ரோவில் வாங்கிய மிக்சி தாங்காது. பிழையான மின்சாரத்தில் போட்டு எரிந்ததற்கு எந்த உத்தரவாதமும் பொறுப்பேற்காது.

பழுதான பொருளைத் திரும்ப இங்கே அனுப்புவோம் என்றால் பற்றறி குறுக்கே நிற்கிறது. சேதமடைந்த அல்லது பழுதான லித்தியம் பற்றறியை விமானத்தில் கொண்டுசெல்ல விமானப் போக்குவரத்து விதிகள் இடம் கொடுப்பதில்லை. வீங்கிய தொலைபேசியைத் தெரிந்தவரின் பெட்டிக்குள் போட்டுவிடுவது அந்த விமானத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. திரை, ஒலிபெருக்கி போன்ற குறைகள் என்றால் பரவாயில்லை. அதையும் கைப்பொதியில், முழுவதும் அணைத்த நிலையில் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடவே பற்றுச்சீட்டின் படமும் வரட்டும். புதிதாக வாங்கியது என்று சுங்கம் கேட்டால் காட்ட அது வேண்டும்.

போகும் வழியில் டுபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்குகிறவர்களும் எங்களில் உண்டு. விலை குறைவுதான். ஆனால் டுபாய் கடைக்காரரை ஐரோப்பியச் சட்டத்தின் 2 ஆண்டுகள் கட்டுப்படுத்தாது. லண்டன் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு நல்ல வழி இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளைக் கடனட்டையில் வாங்கினால், கடைக்காரரோடு அட்டை நிறுவனமும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது பொருந்தும் என்று பிரபுக்கள் சபை 2007இல் தீர்ப்புச் சொன்னது. வங்கிக் கணக்கில் இருந்து நேரே கழியும் அட்டைக்கு இந்தச் சட்டம் இல்லை.

நாம் பாவித்த பழைய தொலைபேசியைக் கொடுக்கும்போது நமது கணக்கை அதிலிருந்து நீக்காமல் கொடுக்கக்கூடாது. அங்கே அதை அழித்துத் திறந்தால் நமது கடவுச்சொல்லைக் கேட்கும். கணக்குப் பூட்டோடு இருப்பதைச் சேவை நிலையமும் ஏற்காது.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், அம்மாவின் தொலைபேசிக்குக் காசை அனுப்பி, உள்ளூர் முகவர் உத்தரவாதத்தோடு அங்கேயே வாங்கச் சொல்வதுதான் புத்தி என்று நினைக்கிறோம். விலை கூடத்தான். ஆனால் பழுதானால் பேருந்தேறிப் போய்க் கேட்க ஒரு கடை இருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்த பொருளுக்கு யாழ்ப்பாணத்துத் திருத்துநர்களை நம்பலாம். கிடைத்ததை வைத்துத் திருத்திப் பழகிய கைகள் அவை. காலம் முடியாததை மட்டும் கடையைக் கேட்காமல் திறக்க விடாதீர்கள். வெளியார் திறந்ததைக் காட்டியே மறுத்துவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் நாட்கள் ஓடுகின்றன. ஊரில் இருப்பவர்கள் பழுதை உடனே சொல்வதில்லை. 'கஷ்டப்பட்டு வாங்கித் தந்த பிள்ளை, மனம் வருந்தும்' என்று அதைச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் வந்து 'லைன் சரியில்லை ராசா' என்பார்கள். லைன் ஒரு வாரமாகச் சரியில்லை என்றால் தொலைபேசியைப் பற்றிக் கேளுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள திகதியையும் எடுத்துப் பாருங்கள்.