முகத்தில் விழுந்த நிழல்

மைசூரிலிருந்து உதகைக்குச் செல்வோர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்ததும் குண்டலுபேட்டையை அடைவர். நீலகிரிக்கு ஒன்றும் வயநாட்டுக்கு ஒன்றுமாகச் சாலை பிரிவது அவ்வூரில்தான். ஆனி, ஆடித் திங்கள்களில் அங்கே சூரியகாந்தி பூத்து நிற்கும் காட்சியை நம் மாணவருள் காணாதார் சிலரே. சென்ற ஆண்டு ஜூலையில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். மழைமேகம் விலகி வெயில் கொளுத்திய நண்பகல். பூக்களின் நடுவே அவரை நிறுத்திக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தேன். மலர்கள் பொன்னாய் மின்னின. வானம் வெள்ளைத் தாளாய் வெளுத்திருந்தது. அம்மாவின் முகமோ ஒரு கருந்திட்டு. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள்.

“ஏங்கண்ணு, இதுல நான் எங்க?” என்றார் அம்மா.

கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜூலை மாத நண்பகலில் அவ்வூரில் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறான். நெற்றியும் மூக்கின் நுனியும் ஒளி பெறுகின்றன. புருவத்தின் கீழும் மூக்கின் கீழும் நிழல் தேங்குகிறது. அத்துடன், பரந்த வானமும் மஞ்சள் மலர்களும் படத்தை நிறைத்துக் கொண்டால், கருவி தான் பெறும் ஒளியை அவற்றுக்கு ஏற்பக் குறைத்துக் கொள்கிறது. முகம் இருளில் அமிழ்கிறது.

அப்படியானால் நம் கண்ணுக்கு மட்டும் முகம் எவ்வாறு தெரிந்தது? இதற்கு விடை ஓர் எளிய பெருக்கல் கணக்கில் உள்ளது. ஒரு பொருளிலிருந்து நம்மை வந்தடையும் ஒளி என்பது, அதன்மேல் விழும் ஒளியையும் அது திருப்பியனுப்பும் பங்கையும் பெருக்கி வருவது. வெயிலில் கிடக்கும் கருஞ்சாம்பல் துணி நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திருப்பியனுப்புகிறது என்று கொள்வோம். நிழலில் கிடக்கும் வெள்ளைத் தாள் எண்பது பங்கை அனுப்புகிறது. ஆயினும், நிழலில் விழும் ஒளி வெயிலில் எட்டில் ஒரு பங்கேயாகும். இரண்டும் கருவிக்குப் பத்துதான்! ஆனால் மனிதன் தாளை வெள்ளை என்றும் துணியைச் சாம்பல் என்றும் தயங்காமல் சொல்கிறான். போலராய்டு நிறுவனத்தைத் தோற்றுவித்த எட்வின் லேண்ட் 1964-இல் ரெட்டினெக்ஸ் என்னும் கொள்கையை வெளியிட்டது இந்தப் புதிரை விளக்கவே. விழும் ஒளி இடத்துக்கு இடம் மெல்ல மாறுவது. பொருளின் நிறமோ அதன் விளிம்பில் சட்டென்று மாறுவது. இவ்வேறுபாட்டைக் கொண்டு கண்ணும் மூளையும் சேர்ந்து ஒளியைக் கழித்துவிட்டு நிறத்தை மட்டும் காண முயல்கின்றன என்பது அவர் கருத்து.

படத்தைத் திருத்துபவன் செய்ய வேண்டியதும் இதுவே: விழுந்த ஒளியை மாற்றலாம், திருப்பியனுப்பும் பங்கைத் தொடலாகாது. யான் முதலில் இதை மறந்தேன். ஒரு செயலியில் ‘அழகாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். நிழல் போயிற்று, அத்துடன் அம்மாவின் மாநிறமும் கன்னத்துச் சுருக்கமும் போயின. எவரோ ஒரு சிவந்த அம்மையார் பூக்களிடையே நின்றார். “இது யாரு கண்ணு?” என்று அம்மா கேட்டபோது எனக்கு நாணமாக இருந்தது.

இந்நோய் புதிதன்று. வண்ணப்படச் சுருள் நாளிலேயே, நிறம் சரியாக அச்சாகிறதா என்று ஒப்பிடக் கோடக் நிறுவனம் ‘ஷெர்லி அட்டை’ என்பதை வழங்கி வந்தது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி! பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990-களில்தான் வந்தது. நம் போன்றோர் முகம் அதுவரை யாருடைய கணக்கிலும் இல்லை.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திருத்தும் மென்பொருளில் ‘நிழல்’ என்னும் கோலைச் சிறிதளவே உயர்த்துக. முகத்தை மட்டும் தூரிகையால் தேர்ந்து ஒளியேற்றுவது இன்னும் நன்று. தேர்வின் விளிம்பு மென்மையாக இருக்கட்டும், இன்றேல் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். (சாமி படத்துக்கு அது பொருந்தும்.) திருத்தியபின், அதே படத்தில் தெரியும் கையின் நிறத்தோடு முகத்தை ஒப்பிடுக. இரண்டும் ஒருவருடையனவாகத் தோன்றினால் நிறுத்திவிடலாம்.

நிழலை மிகுதியாக உயர்த்தினால் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போலாகும். காரணம் இயற்பியல்: ஓரிடத்தில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் இயல்பான ஏற்றத்தாழ்வு 100, அஃதாவது நூற்றில் ஒன்று, 100 துகளே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அஃதாவது பத்தில் ஒன்று. மணல் மிகுந்தாலும் முகம் அங்கே இருக்கிறது. முற்றும் வெளுத்துவிட்ட வானத்திலோ மீட்க எதுவும் இல்லை. ஆகவே எடுக்கும்போதே வெண்மை வெளுக்காதவாறு ஒளியைச் சற்றுக் குறைத்து, பிறகு நிழலை உயர்த்துவதே முறை. கருவியில் ‘ரா’ கோப்பு வசதி இருந்தால் பயன்படுத்துக. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உள்ளன, 12 பிட் ரா கோப்பிலோ 4,096 உண்டு.

எல்லாவற்றினும் எளியது, மாலை நான்கரை மணிக்கு மேல் எடுப்பது. அல்லது மர நிழலில் நிறுத்துவது. நண்பகல்தான் வாய்த்தது என்றால், முகத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் போதும். வேட்டியில் பட்டு எழும் ஒளி கண்குழியை நிரப்பிவிடும்.

அம்மாவின் படத்தை முதற்கோப்பிலிருந்து மறுபடியும் திருத்தினேன். வானம் வெளுத்தபடியே இருக்கிறது. கன்னத்தில் சிறிது மணலும் உண்டு. அதைத்தான் அச்சிட்டு ஊருக்கு எடுத்துச் சென்றார்.