கம்ப்யூட்டர் போடும் "மேற்படி"!

ஒரே தெருவில் 50 வீடுகள். கணக்கு எழுதுகிறவர் முதல் வரியில் ஊரையும் தெருவையும் எழுதுவார். அடுத்த வரி முதல் "மேற்படி" என்று போட்டுவிடுவார்.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு வசதி உண்டு! 1980-களில் பெயர் பெற்றது "டிபேஸ்" என்ற புரோகிராம். அதில் "செட் கேரி ஆன்" என்று கட்டளை கொடுத்தால் போதும். புதிய படிவத்தைத் திறந்ததும், முந்திய படிவத்தில் எழுதியவை அப்படியே வந்து நிற்கும். மாறுகிறவற்றை மட்டும் திருத்தலாம்.

மறந்தால் ஆபத்து!

திருத்த மறந்தால் என்ன ஆகும்? அண்ணன் பிறந்த தேதி தம்பி பெயரில் ஏறிவிடும்! கட்டம் காலியாக இருந்தால் கண்ணில் படும். நிரம்பியிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

1988-ல் வந்த "டிபேஸ் 4" இதற்கு வழி செய்தது. எந்தக் கட்டங்கள் தொடர்ந்து வரவேண்டும் என்று முன்பே சொல்லிவிடலாம்.

ஊரும் தெருவும் "மேற்படி" ஆகலாம். பெயர், பிறந்த தேதி, தொகை ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகவே எழுதவேண்டும்.