தலைகீழாக நிற்கும் டயகம

சிறுவர் இதழ்களில் விடுகதையின் விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுவார்கள். இலங்கை மலையகத்தின் டயகமவில் ஓர் ஆசிரியர் தன் மாணவர்களுக்காக இணையப் பக்கம் ஒன்றில் அதையே செய்ய நினைத்தால், முதலில் அவர் கையில் சிக்குவது எழுத்தைத் தலைகீழாக்கித் தரும் இலவசக் கருவிகள்தான். ஆங்கிலத்துக்கு அவை உதவும். தமிழுக்குக் கைவிரித்துவிடும்.

காரணம், அந்தக் கருவிகள் எதையும் திருப்புவதே இல்லை. யூனிகோடில் ஏற்கெனவே இருக்கும் தலைகீழ் வடிவங்களைப் பொறுக்கி, பின்னிருந்து முன்னாக அடுக்குகின்றன. அவ்வடிவங்களில் பல ஒலியியலாளர்கள் தந்தவை. 1886இல் பாரிஸில் தொடங்கிய ஒலியியல் சங்கத்தினர் உலக மொழிகளின் ஒலிகளுக்குக் குறியீடு தேடினார்கள். புது அச்செழுத்து வார்க்கச் செலவாகும். இருக்கும் ஈய எழுத்தையே கவிழ்த்துக் கோத்தால் போதும். தமிழ் எழுத்துக்கு அந்த வேலை வரவில்லை. ஆகவே கவிழ்ந்த பகரத்துக்கு யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இடமும் இல்லை.

வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தால் இன்னொரு சிக்கல். ‘டயகம’ தப்பித்துவிடும். நான்கும் அகர உயிர்மெய். எழுத்துக்கு ஒரு குறியெண். ‘மகயட’ என்று ஒழுங்காகவே வரும். ‘கொட்டகலை’யைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்குள் எட்டுக் குறியெண். ஒகரக் குறி ககரத்தை விட்டு டகரத்தோடு ஒட்டி ‘டொ’ ஆகிவிடும். கடைசி ‘லை’யின் ஐகாரக் குறியோ, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும்.

எனவே தமிழைச் சேமித்தபடியே விட்டுவிட்டு, உலாவி சொல்லை வரைந்து முடித்தபின் வரைந்ததைச் சுழற்றச் சொல்வதே சரி. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற பண்புக்கு 180 பாகைச் சுழற்சி கொடுத்தால் வேலை முடிந்தது. முன்பு இது இவ்வளவு சுலபமில்லை. 2009இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.5 ‘மோஸ்’ என்ற முன்னொட்டைக் கேட்டது, குரோமும் சஃபாரியும் ‘வெப்கிட்’, ஓபரா ‘ஓ’, 2011இன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 ‘எம்எஸ்’. அதற்கு முந்திய எக்ஸ்புளோரருக்கு ‘ஃபில்டர்’ என்று தனிவழி. ஒரே கட்டளையை ஐந்து விதமாக எழுத வேண்டியிருந்தது. இன்று ஒன்றே போதும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: வரிக்குள் வரும் ‘ஸ்பான்’ துண்டு அப்படியே சுழலாது. அதை ‘இன்லைன்-பிளாக்’ ஆக்கினால் உடனே திரும்பும்.

இப்படிச் சுழன்ற விடை தமிழாகவே இருக்கிறது. தேடினால் கிடைக்கும், நகலெடுத்து ஒட்டினால் நேராக வரும், பார்வையற்ற பிள்ளைக்குத் திரைவாசிப்பான் பிழையின்றி வாசித்துக் காட்டும். ஆனால் கேள்வியை வாசித்த கையோடு விடையையும் வாசித்துவிடும். அந்தப் பிள்ளைக்கும் யோசிக்க நேரம் வேண்டும் அல்லவா? தலைகீழ் விடையை ‘விடையைக் காட்டு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிடுங்கள்.