பட்டணத்துப் பிள்ளைகள் பறிக்கக் கொய்யாத் தோப்பு



வண்டலூரில் 1985-இல் உயிரியல் பூங்கா திறந்தது முதல், ஞாயிற்றுக்கிழமையானால் பட்டணத்துக் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாம்பரம் வழியாக நம்ம பக்கம் வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பழத்தைத் தள்ளுவண்டியில் பார்த்திருப்பார்களே தவிர, மரத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். "தோப்புக்கு வாங்க, நீங்களே பறிங்க, எடை போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கூப்பிட்டால் வருவார்கள். மேல்நாடுகளில் இது வெகுகாலமாக நடக்கிறது. மகாராஷ்டிர அரசும் 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. மாம்பாக்கம், திருப்போரூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் தோப்பு இருந்தாலும் செய்து பார்க்கலாம். அப்படி விற்கும் பழத்துக்கு மண்டிக் கமிஷனும் இல்லை, வண்டி வாடகையும் இல்லை.

எந்தப் பழம்? மாம்பழம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மாங்காயை முற்றியதும் பறித்து, வைக்கோலில் வைத்துப் பழுக்க வைப்பதுதான் நம் வழக்கம். காம்பு ஒடிந்து வடியும் பால் பிள்ளைகளின் கன்னத்தில், உதட்டில் பட்டால் புண்ணாகிவிடும். பழைய மரமென்றால் தொரட்டி இல்லாமல் எட்டாது. முசுறுக் கூடும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

கொய்யா அப்படியில்லை. மரத்திலேயே பழுக்கும், பறித்ததும் தின்னலாம். ஆரஞ்சைவிட சுமார் நான்கு மடங்கு வைட்டமின் சி உள்ளது. புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால், கவாத்து செய்து மரத்தைத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் கை எட்டும். பச்சை மங்கி வெளிர்மஞ்சளாக இருப்பதைப் பிடித்து லேசாகத் திருகச் சொல்லிக்கொடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிளை ஒடியும். கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்திருங்கள். அதற்கும் காசு கேட்காதீர்கள்!

பிள்ளைகள் கழுவித்தான் தின்னும் என்று நம்பாதீர்கள். எந்த மருந்து அடித்தாலும், அறுவடைக்கு முன் எத்தனை நாள் விடவேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பதைப் பாருங்கள். காய் திரண்ட பிறகு மருந்தே அடிக்காமலிருப்பது உத்தமம். கடித்த பழத்தில் புழு நெளிந்தால் அந்தக் குடும்பம் மறுபடி வராது என்பதும் உண்மைதான். அது பழ ஈயின் வேலை. மெத்தில் யூஜினால் பொறிகளைத் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் வந்து மாட்டும். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது கிணறு. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாள்கணக்கில் போராடியும் உயிரோடு மீட்க முடியவில்லை. இப்படிப்பட்ட கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணோ மணலோ கல்லோ போட்டு நிரப்ப வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. வாயில் சாக்கை அடைத்து மேலே மண்ணைத் தள்ளினால், ஒரு மழைக்கு உள்வாங்கிவிடும். பாசனக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புங்கள். பம்புசெட்டுக் கொட்டகைக்கும் மருந்து வைத்திருக்கும் அறைக்கும் பூட்டுப் போடுங்கள்.

இந்த வேலைகள் முடியும்வரை யாரையும் கூப்பிடாதீர்கள். கேட்பவர்களிடம் "அடுத்த காய்ப்புக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு, இந்தப் பழத்தைக் கூடையில் ஏற்றி மண்டிக்கே அனுப்பிவிடுங்கள்.