காங்கேசன்துறையில் மீண்டும் பிரயாணிகள்

துறைமுகம் ஓர் ஊரின் தலைவாயில். அவ்வாயிலால் யார் வருகின்றனர், யார் போகின்றனர், எத்தகைய மனத்தோடு போகின்றனர் என்பவற்றைக் கொண்டு அந்நாட்டின் நலத்தையும் கேட்டையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம். வடபுலத்தின் காங்கேசன்துறையை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது பயனுடையதென எண்ணுகின்றேன்.

மாவிட்டபுரம் கோயிலிற் பிரதிட்டை செய்தற்குரிய காங்கேயன் திருவுருவம் பாரதத்திலிருந்து கயாத்துறையில் வந்திறங்கியமையால், அத்துறை காங்கேசன்துறை எனப் பெயர் பெற்றது என்பது கர்ணபரம்பரை. ஆகவே, இத்துறையின் பெயரிலேயே ஒரு கடற்பிரயாணம் அடங்கியிருக்கின்றது. 1905இல் கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை இவ்விடம்வரை வந்து சேர்ந்தது. 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1956இல் யாழ்தேவி ஓடலாயிற்று. இந்தியா செல்வோர்க்கு 1914 முதல் தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பல் இருந்தது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் சென்றது. 1980களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது.

1990இல் காங்கேசன்துறையின் வாழ்வே மாறிற்று. வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். தொழிற்சாலை ஓய்ந்தது, புகையிரதம் நின்றது. துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் உயர் பாதுகாப்பு வலயமாயின. புகையிரத நிலையத்தில் மரமும் செடியும் வளர்ந்தன.

எனினும், அக்காலத்திலும் இத்துறையிற் பிரயாணிகள் இல்லாமற் போகவில்லை. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், குடாநாட்டிலிருந்து வெளியேற விரும்பியோர்க்குக் கப்பலும் விமானமுமே வழியாயின. திருகோணமலை செல்லும் கப்பலில் ஏறுவதற்கு முதலில் அனுமதி பெறவேண்டும். அதனைக் 'கிளியறன்ஸ்' என்றே எல்லோரும் சொன்னோம். தமிழில் ஒரு பெயர் சூட்டி அதனை நமதாக்கிக்கொள்ள எவர்க்கும் மனம் வரவில்லை போலும். நோயாளரும் மாணவரும் முதியோரும் பெயர் கூப்பிடும்வரை காத்திருந்தனர். 'ஏன் போகிறாய்?' என்ற வினாவுக்கு விடை சொல்லாமல் ஒருவரும் போதல் இயலாது. அவ்வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். கப்பல் கரையை விட்டகன்றபோது எம்மிற் பலர் கடலைப் பார்க்கவில்லை, ஊரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

2009இல் போர் முடிந்தது. ஆயினும், துறைமுகம் உடனே திறந்துவிடவில்லை. மூழ்கிக் கிடந்த கலங்களை அகற்றவேண்டியிருந்தது. அப்பணிக்கு இந்தியா உதவிற்று. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை வந்தடைந்தது. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி 'செரியபாணி' என்னும் விரைவுக் கப்பல் நாகபட்டினத்திலிருந்து வந்தது. அதில் 150 பேர் அமரலாம். கடல்வழி ஏறக்குறைய 60 கடல் மைல். பிரயாணம் நான்கு மணித்தியாலத்துக்குள் முடியும். சில நாள்களில் வடகீழ்ப் பருவக்காற்று அணுகவே சேவை நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆந் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பலோடு அது மறுபடி தொடங்கியது.

சிறு கப்பல், குறுகிய வழி, காற்று மாறினால் நின்றுவிடும் சேவை. இதனைப் பெரும் நிகழ்ச்சியாகக் கொண்டாடுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். தகும் என்பதே என் துணிபு. இன்று கடவுச்சீட்டும் பிரயாணச்சீட்டும் கொண்டு நிற்பவர் தாம் ஏன் போகிறோம் என்பதற்குத் துயரமான காரணம் எதனையும் காட்டவேண்டியதில்லை. கோயிலுக்குப் போகலாம், சேலை வாங்கப் போகலாம், மாமன் மகளின் கலியாணத்துக்குப் போகலாம், ஊர் பார்க்கவே போகலாம். முன்னர் இத்துறையாற் சென்றவர் எப்போது திரும்புவோம் என்றறியார். இன்று செல்பவர் திரும்பும் திகதியைக் குறித்துக்கொண்டே கப்பலேறுகின்றார். அற்பக் காரணத்துக்காகவும் ஒருவன் அச்சமின்றிக் கடல் கடக்கலாம் என்பதன்றோ அமைதியின் இலக்கணம்!

ஆயினும், ஒன்றை மறைத்தல் ஆகாது. 2023இல் இக்கப்பல் கரை சேர்ந்தபொழுது வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் இருந்தன. நாகபட்டினத்தார் ஒரு காலைப்பொழுதிற் கடந்துவந்த தூரத்தினும், இத்துறையின் அயலவர் சிலர்க்குத் தம் சொந்த முற்றம் தொலைவாயிருந்தது. அவர்களும் கிணறும் பனையும் தேடித் தம் வளவுக்குத் திரும்பும் நாளிலேயே துறைமுகத்தின் போர்க்காலம் முற்றாக முடிந்ததெனலாம். அயல்நாட்டு விருந்தினரை வரவேற்கத் திறந்த வாயில், வீட்டுக்குரியோர்க்கும் அகலத் திறப்பதாக.